முன்கதையும் வாசகர் மனமும்

கதை கேட்கும் விருப்பம் மக்கட்கு இயற்கையாய் அமைந்தது. பாட்டியின் அருகிற் படுத்துக் கதை கேட்கும் குழந்தை, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே உறங்கிப்போகிறது. வளர்ந்து கல்லூரி மாணவராகி நாவல் படிக்குங்காலத்தும் நம்மை ஏடு ஏடாய் இழுத்துச் செல்வது அவ்வொரு சொல்லே. ஆயினும், சிறந்த கதையொன்றைப் படித்து முடித்தபின், "அதற்கு முன்பு?" என்னும் மற்றொரு கேள்வியும் உள்ளத்தில் எழுவதுண்டு. இக்கொடியவன் இளமையில் எப்படியிருந்தான்? இவ்வம்மையார் இந்நிலையை அடைந்தது எவ்வாறு? இந்நகரம் அழியுமுன் எத்தகையதாய் விளங்கிற்று? இக்கேள்விகட்கு விடையாகப் பின்னர் எழுதப்படும் நூல்களைப் பற்றியும், வாசகர் அவற்றை எதிர்கொள்ளும் வகையைப் பற்றியும் சிறிது ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முன்கதையாவது யாது?

ஒரு நூல் வெளிவந்து வாசகரிடையே பரவியபின், அந்நூல் கூறும் நிகழ்ச்சிகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைப் பொருளாகக் கொண்டு எழுதப்படுவதனையே ஈண்டு முன்கதை என்கின்றோம். ஆங்கிலத்தில் இதனைப் 'பிரீக்வெல்' என்பர். கதை நிகழுங் காலத்தால் இது முந்தியது. எழுதப்பட்ட காலத்தால் பிந்தியது. சிலப்பதிகாரத்தின் பின் நிகழ்ந்தவற்றைக் கூறும் மணிமேகலை பின்கதையாகும், அது முன்கதையாகாது.

முன்கதை எழுதப் புகும் ஆசிரியனுக்கு மற்றை ஆசிரியர்க்கு இல்லாத இடர்ப்பாடு ஒன்றுண்டு. அவன் சொல்லப் போகும் கதையின் முடிவை வாசகர் முன்னரே அறிவர். இதனால் வாசகரிடமிருந்து இரண்டு தடைகள் எழுகின்றன. முடிவு தெரிந்த கதையிற் சுவை யாது என்பது முதலாவது. மறைவாயிருந்த பழங்காலத்தை விளக்கிவிட்டால், பாத்திரத்தின் பெருமையோ பயங்கரமோ குறைந்துவிடும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முன்கதைகள் பல இவற்றால் வீழ்ந்தமையும் உண்மையே. எனினும், நல்ல முன்கதை இவ்விரண்டினையும் வெல்லுமாற்றைச் சில எடுத்துக்காட்டுக்களால் தெளியலாம்.

அழிந்த உலகின் கதை

விஞ்ஞானக் கதைகளுள் ஒரு வகை, பேரழிவினால் இன்றைய உலகம் நிலைகுலைந்தபின் எஞ்சிய மக்கள் நடத்தும் வாழ்க்கையைக் கற்பித்துக் கூறுவது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலையிற் படித்திருக்கும் இக்கடற்கரை மக்களுக்கு, அழிவின்பின் வரும் கதை முற்றும் புதியதன்று. அழிந்த நகரைப் பற்றிக் கேள்வியுற்றவன் அது வாழ்ந்த காலத்தை அறிய விரும்புதல் இயல்பு. ஆகவே இவ்வகைக் கதைகளில் முன்கதைக்கு இடம் பெரிது.

அமெரிக்க எழுத்தாளராகிய சூசன் காலின்ஸ் அம்மையார் 2008, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'ஹங்கர் கேம்ஸ்' வரிசை இவ்வினத்தது. 'பசி விளையாட்டுக்கள்' என்பது அத்தலைப்பின் பொருள். வட அமெரிக்கா பேரிடர்களாற் சிதைந்த பின்னர் அங்கே 'பானெம்' என்றொரு நாடு தோன்றுகிறது. அதன் தலைநகர் செல்வத்திற் கொழிக்கப் பன்னிரண்டு மாவட்டங்கள் உழைத்து மெலிகின்றன. முன்னொரு நாள் கலகம் விளைத்தமைக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 24 சிறார் திருவுளச்சீட்டால் எடுக்கப்படுகின்றனர். ஒருவர் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்லுமாறு அவர்களை அரங்கில் விட்டு, அதனை நாடெங்கும் காட்சியாகக் காட்டுகின்றனர். இக்கொடுமையை எதிர்த்து நின்ற காட்னிஸ் என்னும் பெண்ணின் வரலாறே அம்மூன்று நூல்களும். அவளை வருத்தும் நாட்டுத் தலைவன் ஸ்நோ என்பான், நஞ்சாலும் வஞ்சத்தாலும் ஆட்சியை நிலைநிறுத்திக்கொண்ட கிழவன்.

மூன்றாம் நூலுக்குப் பத்தாண்டு கழித்து, 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், இவ்வரிசைக்கு ஒரு முன்கதை வெளிவந்தது. அது 64 ஆண்டுகட்கு முற்பட்ட காலத்தைப் பற்றியது. அதன் கதாநாயகன் பதினெட்டு வயது இளைஞனாகிய அந்த ஸ்நோவே என்னுஞ் செய்தி அவ்வாண்டு ஜனவரியிற் பரவியபோது வாசகர் பலர் மனங்கசந்தனர். கொடுங்கோலனது இளமை நமக்கு எதற்கு என்றனர் சிலர். அவன்பால் இரக்கம் விளைவித்து அவன் பழியைக் கழுவவோ இந்நூல் என்று ஐயுற்றனர் வேறு சிலர். மாவட்டங்களில் அல்லலுற்றோர் பலர் இருக்க, அவர்களை விடுத்து இவனைத் தேர்ந்தது ஏன் என்றும் கேட்டனர்.

நூல் வெளிவந்தபின் இவ்வையத்திற்கு விடை கிடைத்தது. போரால் வறுமையுற்ற உயர்குடியிற் பிறந்து, பசியின் கொடுமையைத் தானே அறிந்தவன் ஸ்நோ. பன்னிரண்டாம் மாவட்டத்துப் பாடகியாகிய லூசி கிரே என்பாளுக்கு வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறான். அவள்பால் அன்பும் கொள்கிறான். தொடக்கத்தில் வாசகனுக்கு அவன்மேல் இரக்கம் உண்டாவது மெய்யே. ஆயினும், ஒவ்வொரு திருப்பத்திலும் அவன்முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. தன் உயர்வுக்குரிய வழியையே அவன் மேற்கொள்கிறான். தன்னை நம்பிய தோழனையே காட்டிக்கொடுத்துத் தூக்குக்கு அனுப்புகிறான். படித்து முடிக்கும்போது இரக்கம் வற்றிவிடுகிறது. அச்சம் முன்னிலும் மிகுகிறது. அவனைத் தீயவனாகவே பிறந்த ஒரு பூதமென்று எண்ணியிருந்தபோது, நாம் அவனினும் வேறானவர் என்ற ஆறுதல் நமக்கிருந்தது. அவனும் நம்மைப் போன்ற ஒருவனாயிருந்து, சிறிது சிறிதாக அந்நிலையை அடைந்தான் என்று அறிந்தபின் அவ்வாறுதல் நீங்குகின்றது. இறுதிப் பகுதி விரைந்து முடிகிறதென்று குறை கூறினோரும் உண்டு. ஆயினும், பழியைக் கழுவ எழுந்த நூல் இஃது என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வாசிரியரே மற்றொரு முன்கதையும் வெளியிட்டார். இது காட்னிஸுக்கு வழிகாட்டியாய் வந்த ஹேமிட்ச் என்பானது இளமையைக் கூறுவது. அவன் போட்டியில் வென்றான் என்பதும், அதன்பின் அவன் தாயும் தம்பியும் காதலியும் கொல்லப்பட்டனர் என்பதும் பழைய நூல்களிலேயே உள்ளன. அப்போட்டியின் காட்சிப் பதிவையும் பழைய நூலொன்றில் வாசகர் கண்டிருந்தனர். ஆகவே புதிதாய் அறிதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுதல் இயல்பு. புதிய நூலோ, அப்பதிவு அரசாங்கத்தாரால் வெட்டியும் ஒட்டியும் திருத்தப்பட்டதென்று காட்டிற்று. முழுதும் அறிந்துவிட்டோம் என்று இறுமாந்திருந்த வாசகர், தாமும் ஆள்வோர் காட்டியதையே நம்பியிருந்தனர் என்று உணர்ந்தனர். முடிவு தெரிந்திருத்தல் வேறு, உண்மை தெரிந்திருத்தல் வேறு என்பது இதனாற் புலனாகும்.

காரைக்காலின் முன்கதை

மேலைநாட்டுக் கதைகளை விடுத்து நம் ஊரையே நோக்குவோம். பக்தி நூலையும் புனைகதையையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. ஒருவரது முடிந்த நிலையை முன்னரே அறிந்த மனம், அவரது முந்திய வாழ்வைக் கேட்கும்போது எவ்வாறு இயங்குகிறதென்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

காரைக்காலம்மையார் அருளியவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆக 143 பாடல்கள். இவற்றிற் காணப்படுபவர் உடல் வற்றிய பேயுருவத்தினர். சுடுகாட்டில் இறைவன் ஆடும் கூத்தை அருகிருந்து காண்பவர். தம்மைக் காரைக்காற் பேய் என்றே கூறிக்கொள்பவர். மாங்கனியைப் பற்றியோ கணவனைப் பற்றியோ அப்பாடல்கள் பேசுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து 11-ஆம் நூற்றாண்டுச் சிற்பத்திலும், ஆடும் பெருமான் அருகே அம்மையார் எலும்புருவாகவே அமர்ந்திருக்கின்றனர். நெடுங்காலம் தமிழ்மக்கள் சிறப்பாக அறிந்திருந்தது இவ்விறுதி நிலையையே.

12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரியபுராணத்தை இயற்றியபோது, அம்மையாரின் முந்திய வாழ்வை விரித்துப் பாடினார். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தனுக்கு மகளாய்ப் புனிதவதியார் பிறந்ததும், நாகப்பட்டினத்துப் பரமதத்தனை மணந்ததும், கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்கு இட்டதும், அக்கனிக்கு ஈடாக இறைவனருளால் வேறொரு கனி கிடைத்ததும், அதனைக் கண்டு அஞ்சிய கணவன் கப்பலேறிச் சென்று பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டதும், பின்னர் அவனே மனைவி மகவோடு வந்து அம்மையார் அடியில் விழுந்ததும் நாம் அறிந்தனவே. கணவனுக்காகத் தாங்கிய தசையுடல் இனி வேண்டாவென்று உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் அம்மையார்.

இதனைக் கேட்டவர்க்கு அம்மையாரின் பெருமை குறைந்ததோ? மேலே கூறிய இரண்டாவது தடை மெய்யாயின் குறைந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ அதற்கு மாறு. பேயுருவம் இன்னதென்று விளங்காது அஞ்சியவர், அஃது ஓர் இல்லத்தரசி தானே விரும்பி ஏற்ற உருவமென்று அறிந்து நெஞ்சுருகினர். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் இவ்வூரில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவை நோக்குமின். அதிற் சிறப்பாகக் கொண்டாடப்படுவன புனிதவதியாரின் திருமணமும், பிக்ஷாடனராய் இறைவன் வீதியில் எழுந்தருளுதலும், மக்கள் மாங்கனிகளை வாரியிறைத்தலுமே. ஓர் ஊர் முழுவதும் தன் அம்மையாரின் இளமை வரலாற்றைத் தன் திருவிழாவாக்கிக்கொண்டது. பின்னர் விரித்துரைக்கப்பட்ட முன்வாழ்வை மக்கள் எவ்வளவு உவந்து ஏற்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இவ்வரலாற்றை அறிந்தபின் மூத்த திருப்பதிகத்தை மீண்டும் ஓதுக. முன்பு கேளாத குரலொன்று அதிற் கேட்கும்.

மாமல்லனும் சிவகாமியும்

தமிழ் நாவல்களுள் முன்கதைக்குத் தக்க எடுத்துக்காட்டுக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் 'சிவகாமியின் சபதம்'. அவர் முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அது 'கல்கி' வார இதழில் 1941 முதல் 1943 வரை வெளிவந்தது. அதிற் பல்லவ சக்கரவர்த்தியாகிய நரசிம்மவர்மன் முதிர்ந்தவன், குந்தவிக்குத் தந்தை, வாதாபியை வென்ற புகழுடையவன். அதன்பின் 1944 முதல் 1946 வரை அவ்விதழிலேயே வெளிவந்த 'சிவகாமியின் சபதம்', அவனது இளமையைக் கூறுகிறது.

அதில் இளவரசன் மாமல்லன், ஆயனச் சிற்பியின் மகளும் ஆடற்கலைச் செல்வியுமாகிய சிவகாமியைக் காதலிக்கிறான். சளுக்கர் படையெடுப்பிற் சிறைப்பட்டு வாதாபிக்குச் சென்ற சிவகாமி, மாமல்லர் வந்து அந்நகரை எரித்தபின்னரே அங்கிருந்து புறப்படுவேன் என்று சபதம் செய்கிறாள். ஆண்டுகள் உருள்கின்றன. அரசியல் முறைமையால் மாமல்லன் பாண்டியகுமாரியை மணக்க நேர்கிறது. கி.பி. 642-இல் வாதாபி எரிகிறது. சபதம் நிறைவேறித் திரும்பும் சிவகாமி, தன் மாமல்லர் மனைவி மக்களோடு விளங்கக் காண்கிறாள். ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணம் செய்துவிடுகிறாள்.

வாரந்தோறும் இத்தொடரைப் படித்தோரின் நிலையைச் சற்று நினைமின். வாதாபி வீழும் என்பது சரித்திரத்தால் தெரியும். குந்தவி என்றொரு மகள் பிறப்பாள் என்பதும், மாமல்லன் அரியணையிற் சிறந்திருப்பான் என்பதும் 'பார்த்திபன் கனவு' படித்தோர்க்குத் தெரியும். அவ்வளவு தெரிந்திருந்தும் சிவகாமியின் துயரம் அவர்களைப் பற்றிக்கொண்டது. அக்காதலர் தாமரைக் குளக்கரையில் மகிழ்ந்து பேசும்போது, அவர்கள் அறியாத ஒன்றை வாசகன் அறிவான்; அவ்வறிவே அம்மகிழ்ச்சியைத் தாங்கவொண்ணாததாக்குகிறது. ஆகவே, முடிவு தெரிந்த கதையிற் சுவை யாது என்னும் முதல் தடைக்கு விடை இஃது: என்ன நிகழுமோ என்னும் ஆவல் குறைந்த இடத்தை, இது நிகழாதிருக்கலாகாதோ என்னும் ஏக்கம் நிரப்புகின்றது.

இந்நூலுக்கு நம் பகுதியோடு ஓர் உறவும் உண்டு. இதன் பெரும் பாத்திரங்களுள் ஒருவனாகிய பரஞ்சோதி, காரைக்காலுக்குத் தென்மேற்கே திருமருகலை அடுத்துள்ள திருச்செங்காட்டங்குடியினன். பெரியபுராணத்திற் சிறுத்தொண்டர் என்று போற்றப்படும் அடியாரே அவர். அடியார்க்கு அமுதூட்டத் தம் மகனையே அளித்த அவரது வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர் இப்பகுதியினர். வாதாபியை வென்ற வீரர் அவர் என்று சேக்கிழார் சில பாடல்களிற் கூறிச் சென்றார். கல்கியவர்களோ, கல்வி தேடிக் காஞ்சிக்குப் போன கிராமத்து இளைஞனாக அவரை நம்முன் நடமாட விட்டார். எரியும் வாதாபியில் மக்கள் படும் துயரைக் கண்டு வாளைத் துறக்கும் பரஞ்சோதியைக் கண்டபின், திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் நிற்கும் ஒருவன் சிறுத்தொண்டரை நினைக்கும் நினைவு முன்போல் இராது.

எதனை முதலிற் படிப்பது?

மாணவரிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. கதை நிகழ்ந்த காலமுறைப்படி 'சிவகாமியின் சபத'த்தை முதலிற் படிப்பதா, எழுதப்பட்ட முறைப்படி 'பார்த்திபன் கனவை' முதலிற் படிப்பதா? பலர் காலமுறையையே பரிந்துரைப்பர். ஆயின் இரண்டு முறைகளிலும் ஓர் இழப்பு உண்டு. எவ்விழப்புச் சிறியது என்று நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

'பார்த்திபன் கனவில்' ஒற்றைக் கையுடைய கபாலிகன் ஒருவன் வருகிறான். அவன் யாவன் என்பது நூலின் இறுதி வரை காக்கப்படும் இரகசியம். 'சிவகாமியின் சபத'த்தில் நாகநந்தி என்னும் பிக்ஷு, புலிகேசியின் உடன்பிறந்தான், பரஞ்சோதியால் ஒரு கையிழந்து உயிரோடு விடப்படுகிறான். இதனை முதலிற் படித்தவனுக்கு அந்த இரகசியம் கபாலிகன் தோன்றிய அக்கணமே வெளிப்பட்டுவிடும். அவ்வாறே, மகேந்திரவர்மர் மாறுவேடம் பூண்டு திரியும் வழக்கத்தை அறிந்தவன், அவர் மகனும் வேடம் புனையக்கூடும் என்று எளிதில் ஊகிப்பான். 'பார்த்திபன் கனவில்' வரும் சிவனடியார் யாரென்பதும் மறைவாயிராது. மாறாக, 'பார்த்திபன் கனவை' முதலிற் படித்தவன் இழப்பது யாது? மாமல்லன் சிவகாமியை மணப்பானோ என்னும் ஐயம் ஒன்றையே. அவ்வையம் நீங்குதலால் துயரச்சுவை பெருகுமேயன்றிக் குறையாது என்று மேலே கண்டோம். இரகசியம் ஒருமுறை வெளிப்பட்டால் மீளாது. துயரமோ அறியுந்தோறும் ஆழ்வது. ஆதலின் எழுதிய முறையே படிக்கும் முறையாதல் நன்று.

அங்ஙனம் படித்தவனுக்கு மற்றொரு பேறும் உண்டு. 'சிவகாமியின் சபத'த்தை முடித்தபின் அவன் 'பார்த்திபன் கனவை' இரண்டாம் முறை எடுப்பானாக. பகையரசனுடைய மகனாகிய விக்கிரமன்பால் குந்தவி கொண்ட காதலை நரசிம்மவர்மன் தடுக்காது விடுவதனை முன்பு ஒரு பெருந்தன்மையென்றே அவன் கொண்டிருப்பான். இப்போது அதே பக்கங்களில், அரசியலுக்குத் தன் காதலைப் பலிகொடுத்த ஒருவன், தன் மகளுக்கு அந்நிலை வரலாகாதென்று காத்து நிற்பதனைக் காண்பான். பழைய நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் பழைய நூல் மாறிவிட்டது.

முடிவுரை

முன்கதையொன்று கையிற் கிடைக்கும்போது, விருப்பு வெறுப்பால் விரைந்து முடிவு செய்யாமல், மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் மாணவர்க்குப் பயன்தரும். முடிவு தெரிந்திருந்தும் அக்கதை நம்மைத் தன் வலிமையாற் கொண்டுசெல்கிறதா? பாத்திரத்தின் செயலுக்குக் காரணங் காட்டும்போது, அவன் வேறு வழியிற் சென்றிருக்கலாம் என்னும் உண்மையையும் உடன் காட்டுகிறதா? அதனைப் படித்தபின் முதல் நூலுக்குத் திரும்பினால் அது முன்னிலும் ஆழமாய்த் தோன்றுகிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறத்தக்க முன்கதை வெறும் வாணிபத்துக்கு எழுந்த ஒட்டுநூலாகாது. இவற்றுள் மூன்றாவதற்கு இல்லையென்று விடை வருமாயின், அந்நூலை மறத்தலே முதல் நூலுக்குச் செய்யும் மரியாதை.

நூல்களைப் படிக்கும் பழக்கம் மனிதரைப் படிக்கும் பழக்கத்துக்கு வழிகாட்டும். நாம் சந்திக்கும் மாந்தர் ஒவ்வொருவரையும் அவரவர் கதையின் நடுவிலோ முடிவிலோதான் காண்கின்றோம்: கடுஞ்சொல் பேசும் முதியவரையும், எவரோடும் கலவாத தோழரையும், வறுமையிற் படிக்க வந்து மௌனமாயிருக்கும் மாணவரையும். அவர்கள் இந்நிலையை அடைந்த வழியை அறியாமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். காரணத்தை அறிதல் குற்றத்தை மன்னித்தலாகாது என்பதை ஸ்நோவின் கதை காட்டிற்று. அஞ்சத்தக்கதாய்த் தோன்றும் உருவின் பின்னே பேரன்பு இருத்தல் கூடும் என்பதைப் புனிதவதியாரின் வரலாறு காட்டிற்று. இவ்விரண்டினையும் நினைவிற் கொண்டு, "அப்புறம்?" என்று கேட்கும் வாயால் "அதற்கு முன்பு?" என்றும் கேட்கப் பழகுவோமாக.